கோவளக் கரையில் நம் பங்கு

செங்கற்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாகக் கேளம்பாக்கத்தை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால், வழியில் உப்பளங்கள் வெயிலில் மின்னுவதைக் காண்கிறோம். பக்கிங்காம் கால்வாயைத் தாண்டியதும் காற்றின் மணமே மாறிவிடுகிறது. சற்று நேரத்தில் கோவளம் வந்துவிடுகிறது. சென்ற ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், கார்மேல் அன்னையின் திருவிழாவன்று, நம் பங்கு மக்களோடு இவ்வழியே நாமும் திருயாத்திரையாகச் சென்றிருந்தோம். நாம் பணியாற்றுவது ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ஓர் உள்நாட்டுப் பங்கு. உடன் வந்த சிறுவருள் பலர் அன்றுதான் கடலை முதன்முதலாகக் கண்டனர். அவர்கள் கடலை நோக்கி ஓடினர். பெரியவர்கள் கோவிலை நோக்கி நடந்தனர். இரண்டையும் பார்த்து மகிழ்ந்த நாம், அன்று மாலை வீடு திரும்பும்போது ஒரே ஒரு சொல்லைப் பற்றியே சிந்தித்துக்கொண்டு வந்தோம். அச்சொல்லை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் ஊரின் அமைப்பைக் காண்போம். சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கோவளம் இருக்கிறது. வடக்கே முட்டுக்காட்டுக் கழி. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். நிலம் இங்கே கடலுக்குள் சற்று மூக்கை நீட்டியதுபோல் அமைந்துள்ளது. கழியின் வாயைக் கோடையில் மணல்திட்டு அடைத்துக்கொள்வதும், மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைத்துத் திறப்பதும் உண்டு. சென்னையின் தென்புறத்து ஏரிகளில் மிகுந்த நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் இறங்கி, கடைசியில் இக்கழியின் வாயிலாகத்தான் கடலை அடைகிறது. எங்கோ ஒரு நகரில் பெய்யும் மழை கோவளத்தாரின் வாசலைக் கடந்தே கடலுக்குப் போகிறது என்பதை நினைவில் கொள்வோமாக.

இவ்வூரின் வரலாறு அதன் அளவை விடப் பெரிது. ஆஸ்திரியாவை ஆண்ட புனித உரோமைப் பேரரசர் ஆறாம் சார்லசு 1722-இல் பட்டயம் அளித்த ஒஸ்டெண்டு வணிகக் குழுவினர் சோழமண்டலக் கரையில் பண்டசாலை வைத்திருந்த இடம் கோவளமே. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் கொண்ட பொறாமையால் 1727-இல் அப்பட்டயம் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் ஆற்காட்டு நவாபின் கோட்டை இங்கே எழுந்தது. அது பிரஞ்சுக்காரர் கைக்கு மாறியது. 1752-இல் இராபர்ட் கிளைவு, பழக்கமில்லாத புதுப் படைவீரர்களை அழைத்துக்கொண்டு வந்து முற்றுகையிட்டார். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு ஒருவனை வீழ்த்தியதும் மற்றவர் அனைவரும் திரும்பி ஓடினராம். காவல் நின்ற ஒருவன் பீரங்கி முழக்கத்திற்கு அஞ்சி, சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டான் என்றும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். ஆயினும் கோட்டை விழுந்தது, வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்து நம் செங்கற்பட்டுக் கோட்டையும் அவர் வசமாயிற்று. கோவளத்துக் கோட்டை நின்ற இடத்தில் 1974 முதல் ஒரு பெரிய கடற்கரை விடுதி நடைபெறுகிறது.

ஆஸ்திரியர் சென்றனர், நவாபு சென்றார், பிரஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சென்றனர். கட்டுமரம் ஏறிய மக்கள் மட்டும் அங்கேயே இருக்கின்றனர்.

கோட்டை இடிந்து அரை நூற்றாண்டு கழித்து, 1808-இல் ஜான் டி மோந்தி என்னும் போர்த்துக்கேய வணிகர் கார்மேல் அன்னைக்கு இங்கே கோவில் எழுப்பினார். சென்னையில் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். ஆழ்வார்ப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு குடியிருப்புப் பகுதி இன்றும் வழங்குகிறது. 1821-இல் மறைந்த அவர் இக்கோவிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தம் செல்வத்தில் பெரும்பகுதியை அறப்பணிக்கென்று மயிலை மறைமாவட்டத்திற்கு விட்டுச் சென்றார். 1606-இல் நிறுவப்பட்ட அந்த மறைமாவட்டம் 1952-இல் சென்னையோடு இணைந்து உயர்மறைமாவட்டமாயிற்று. அதிலிருந்து 2002-இல் பிரிந்ததே நம் செங்கற்பட்டு மறைமாவட்டம். கோவிலிலிருந்து நடக்கும் தொலைவிலேயே தமீம் அன்சாரி அவர்களின் தர்கா இருக்கிறது. இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் வாழும் ஊர் இது. கோவிலுக்கு வருவோர் தர்காவையும், தர்காவுக்கு வருவோர் கோவிலையும் வணங்கிச் செல்வதை நாமே கண்டோம்.

திருப்பலி முடிந்தபின் சிறுவர்களைத் தேடிக் கரைக்குச் சென்றோம். ஒரு படகு அப்போதுதான் கரை ஏறியிருந்தது. மீனை விற்ற பணத்தை ஒரு முதியவர் மணலில் துணி விரித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று வினவினோம்.

"படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மீதி ஆளுக்கு ஒரு பங்கு, சாமி. ஒடம்பு சரியில்லாம வீட்டுலே படுத்திருக்கிறவனுக்கும் கொஞ்சம் எடுத்து வைப்போம்."

"உடல் நன்றாயிருந்தும் வராதவனுக்கு?"

முதியவர் சிரித்தார். "பங்கு பிரிக்கிற நேரத்துலே கரையிலே வந்து நிக்கணும், சாமி. வீட்டுலே ஒக்காந்துக்கிட்டுக் கேட்டா யாரு குடுப்பா?"

பங்கு! நாள்தோறும் நம் நாவில் புழங்கும் சொல். 'எந்தப் பங்கு?' என்று கேட்டால் கோவிலின் பெயரைச் சொல்கிறோம். பங்குத்தந்தை, பங்குப் பேரவை, பங்குத் திருவிழா என்கிறோம். ஆனால் அச்சொல்லின் முதற்பொருள் பாகம் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

இச்சொல் நம் சீமைக்குப் புதிதன்று. 1763-இல் ஆற்காட்டு நவாபு இச்சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் பொறியாளர் இங்குள்ள ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் கணக்கை எடுத்தார். காணியாட்சி உடையோர் நிலத்தைப் பங்கு பங்காகக் கொண்டிருந்ததும், நெல் களத்தை விட்டுப் போகுமுன் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வெட்டியானுக்கும் கோவிலுக்கும் அளந்து கொடுத்ததும் அக்கணக்குகளால் தெரிகின்றன. ஆயினும் சேற்றில் இறங்கி உழைத்தவனுக்கு நிலத்தில் பங்கில்லை. ஊர்க் கூட்டத்தில் குரலும் இல்லை. இன்னும் பழைய காலத்திற்குச் சென்றால், முன்பு நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளில் குடவோலை எடுத்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது. வியக்கத்தக்க ஒழுங்குதான். ஆனால் நிலமில்லாதவர் பெயர் அக்குடத்தில் விழ வழியில்லை. பெண்களின் பெயரும் விழவில்லை.

இன்று நிலைமை வேறு. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சிக்கு உறுதியான அடித்தளம் இட்டன. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. பெண்களுக்குரிய மூன்றில் ஒரு பங்கு 2016-இல் பாதியாக உயர்ந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்த செங்கற்பட்டில் 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. கோவளம் ஊராட்சி திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. தலைவரையும் உறுப்பினரையும் தேர்ந்தெடுப்பதோடு மக்களின் கடமை முடிவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடும். பின்னாளில் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டன. வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். எந்தத் தெருவுக்குக் குடிநீர், எந்தத் தெருவுக்கு விளக்கு என்பது அங்கே பேசப்பட வேண்டும். பங்கு பிரிக்கும் கரை அதுதான்.

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் ஒரு புதுமை உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அங்கே கிராமங்களுக்கு ஊராட்சி அமைத்தபோது, பல இடங்களில் கோவில் பங்குகளின் எல்லைகளையே ஊராட்சியின் எல்லைகளாகக் கொண்டனர். இன்றும் அங்குள்ள சில ஊராட்சிகளின் சட்டப் பெயரிலேயே 'பங்கு' என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோவில் வேறு, ஊராட்சி வேறு. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரே ஆள்கிறார். பெயர் மட்டும் ஒன்று. நம் நாட்டில் எல்லைகளும் வேறு, பெயரும் வேறு. அதனாலோ என்னவோ, கோவில் காரியம் நம்முடையது, ஊர்க் காரியம் பிறருடையது என்று இருந்துவிடுகிறோம்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. நம் குற்றத்தையே அறிக்கையிடுகிறோம். ஆகஸ்டு 15 நாட்டின் விடுதலை நாள். நமக்கோ அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. சில ஆண்டுகளுக்கு முன் அந்நாளில் காலை பத்து மணிக்கு ஆடம்பரத் திருப்பலியும், அதன்பின் விருந்தும் வைத்திருந்தோம். அதே நேரத்தில் ஊரில் கிராம சபை கூடியது. புதிய குடிநீர்க் குழாய் எந்தெந்தத் தெருக்களுக்கு என்று பட்டியல் படிக்கப்பட்டது. நம் மக்கள் வாழும் கடைக்கோடித் தெரு அதில் இல்லை. 'எங்கள் தெரு எங்கே?' என்று கேட்க அங்கே ஓர் ஆளும் இல்லை. இரண்டு கோடைகள் நம் பெண்கள் குடத்தைச் சுமந்து வயல்வரப்பில் நடந்தனர். எவரும் நம்மை வஞ்சிக்கவில்லை. அந்நேரத்தில் மணியடித்து மக்களைக் கோவிலுக்குள் அழைத்து வைத்திருந்தவர் நாமேதான். ஒரு தாய் இடுப்பில் குடத்துடன் வாசலில் நின்று, "சாமி, மாதா தேர் இழுத்தோம், தண்ணியைக் கோட்டை விட்டுட்டோம்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் இன்றளவும் நம்மைச் சுடுகிறது.

அடுத்த ஆண்டு முதல் அந்நாள் திருப்பலியை விடியற்காலை ஆறு மணிக்கு மாற்றினோம். சபைக்குச் செல்ல அப்பெண்கள் தாமே எழுதிய மனுவோடு புறப்பட்டனர். முதல் முறை பதில் இல்லை. மறுமுறை தீர்மானத்தில் ஏறியது. பிறகு குழாய் வந்தது. அது நம் தெருவோடு நிற்கவில்லை. அடுத்திருந்த இந்துச் சகோதரர்களின் தெருவுக்கும் சேர்த்தே வந்தது. ஏனெனில் அவர்களுக்கும் சேர்த்துத்தான் நம் பெண்கள் கேட்டிருந்தனர்.

கோவளத்தார் முன் நிற்கும் கேள்விகள் இதனினும் பெரியவை. 2004 டிசம்பர் 26, திருக்குடும்ப ஞாயிறன்று, ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. கரையோரக் கட்டடங்களை முறைப்படுத்தும் சட்ட அறிவிக்கை 1991-இல் வெளிவந்தது; 2011-இலும் 2019-இலும் மாற்றப்பட்டது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் 2013-இலும் 2024-இலும் வந்தன. 2021-இல் கோவளக் கடற்கரை தூய்மைக்கான நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வெளியூராருக்கு அலைச்சறுக்குக் கற்றுத் தருகின்றனர். இவற்றால் வேலையும் வருமானமும் வருகின்றன, மகிழ்ச்சியே. ஆயினும் வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் எவ்வளவு மணல் மீதமிருக்கும்? கழியின் வாய் அடைபட்டால் வெள்ளம் யார் வீட்டுக்குள் நுழையும்? மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்து இவற்றைப் பேசுகிறது. அது பழமையானது, மதிப்பிற்குரியது. ஆனால் அரசின் ஏட்டில் ஏறுவது கிராம சபையின் தீர்மானமே. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசியதைக் கிராம சபையிலும் சொல்லியாக வேண்டும்.

வாக்குரிமையைப் பொதுநலனுக்காகப் பயன்படுத்துவது கடமையுமாகும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்கு நினைவூட்டியது. இதைச் சாதி சமய அணி திரட்டுவது என்று எவரும் பொருள் கொள்ள வேண்டா. கரையில் பணம் பிரித்த அம்முதியவர், படகில் சென்றவன் எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று கேட்டுப் பிரிக்கவில்லை.

அன்று மாலை புறப்படுமுன், டி மோந்தியின் கல்லறையருகே ஒருகணம் நின்று செபித்தோம். தம் பங்கை ஏழைகளுக்கு விட்டுச் சென்றவர் அவர். வெளியே வந்தபோது சிறுவன் ஒருவன் நம் கையைப் பற்றி, "சாமி, அந்தத் தாத்தா எனக்கும் ஒரு மீன் குடுத்தார்" என்று காட்டினான். ஏன் கொடுத்தார் என்று கேட்டோம். "நானும் அவங்களோட சேர்ந்து வலையைப் பிடிச்சு இழுத்தேன்" என்றான்.

அன்புக் குடும்பத்தாரே, வரும் ஆகஸ்டு 15 அன்று அன்னையின் திருப்பலியில் பங்குகொள்வோம். பிறகு, பூச்சூடிய கோலத்தோடே, நம் ஊர்க் கிராம சபைக்கும் செல்வோம்.