குளப்புரைக் குளிர்ச்சி

சித்திரை வெயிலில் கோயமுத்தூரில் ரயிலேறி, வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? மலையாள தேசமாயிற்றே, குளுகுளுவென்று இருக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. நம்முடைய அனல் காற்று அந்தக் கணவாய் வழியாக நமக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது!

ஆனால், பழைய தறவாட்டு வீட்டின் கொல்லைக் குளத்தில் இறங்கிப் பாருங்கள். உச்சந்தலை வரையில் குளிர்ந்துவிடும்.

இதில் மாயமொன்றும் இல்லை. குளம் ஆழமானது; சுற்றிலும் செம்புறைக்கல் கட்டு; அடியில் ஊற்று. ஆழத்து மண்ணின் குளிர்ச்சி ஊற்று நீரிலும் இருக்கிறது. படித்துறையின் மேல் ஓடு வேய்ந்த ‘குளப்புரை’ நிழல் தருகிறது. தென்னையும் பலாவும் மிச்ச வெயிலைத் தடுக்கின்றன. வீசுகிற காற்றில் ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் நீரும் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கூடவே கொண்டு போகிறது. கொசுப் புழுவைத் தின்ன மீன்கள் இருக்கின்றன. கோடையில் நீர் வற்றும்போது சேற்றை வாரிவிடுவார்கள்.

“எங்கள் வீட்டில் குளத்துக்கு எங்கே போவது?” என்கிறீர்களா? குழந்தைகளுக்காகக் கொல்லையில் சிறு நீச்சல் தொட்டி கட்டியிருந்தாலும் இதே சூத்திரந்தான். மேற்கு வெயில் படாமல் கீற்றுப் பந்தல் போடுங்கள். காற்று வரும் பக்கத்தை அடைக்காதீர்கள். இரவில் மூடியை எடுத்துவிட்டுப் பம்பினால் நீரைச் சாரலாகத் தூவ விடுங்கள். விடிவதற்குள் சூடு தணியும். ஆனால் மூடியில்லாத தொட்டிக்குப் பூட்டிய வேலி அவசியம். பிளாஸ்டிக் தொட்டியென்றால் அன்றாடம் கவிழ்த்துவிடுவதே உத்தமம்.

தண்ணீர் சூடாவது அசௌகரியம் மட்டுமல்ல, அம்மா! வெதுவெதுப்பான, சுத்தமில்லாத நன்னீரில் ஒரு வகை அமீபா பெருகுகிறது. மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அந்த நோயால் 2024-ல் கேரளத்திலேயே சில குழந்தைகள் இறந்து போனார்கள். வெயிலும் சூடும் குளோரினைச் சீக்கிரம் தீர்த்துவிடும். ஆகையால் அதை மாலையில் போட்டு, காலையில் அளவைச் சோதியுங்கள். பாசி பிடித்த நீரில் குழந்தைகளைக் குதிக்க விடாதீர்கள்.

குளப்புரைத் திண்ணையில் எப்போதும் பெரியவர் ஒருவர் இருந்தால்தான் பிள்ளைகள் நீரில் இறங்கலாம். தொட்டி எத்தனை சிறிதானாலும் அந்தத் திண்ணைக் காவல் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.