மன்னிப்பும் கடனும்

2002 ஆகஸ்டில் இந்தூர்ச் சிறையில், கன்னியர் ஒருவர் ஆயுள் கைதி ஒருவரின் மணிக்கட்டில் ராக்கி கட்டினார். கட்டியவர் அருட்சகோதரி செல்மி பால். கையை நீட்டியவர் சமந்தர் சிங். 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்துப் பயணத்தின் நடுவே செல்மியின் அக்கா ராணி மரியாவைக் குத்திக் கொன்றவர் அவர். இறந்தவரின் உடலில் 50க்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன.

கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் ஆதிவாசி உழவர்களிடையே பணியாற்றினார். வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்கள் மீளச் சேமிப்புக் குழுக்களை அமைத்தார். வங்கிக் கடன் பெற வழிகாட்டினார். அதனால் ஆதாயம் இழந்தவர்களின் பகையே கொலையில் முடிந்தது.

கடனிலிருந்து மனிதரை விடுவித்ததற்காக ஒருவர் கொல்லப்பட்டார் என்பதை மத்தேயு நற்செய்தியோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே இயேசு கற்பிக்கும் மன்றாட்டின் கிரேக்க மூலத்தில் மன்னிப்பு வேண்டப்படுவது 'கடன்'களுக்கே. மன்னித்தலைக் குறிக்கும் வினைச்சொல்லுக்கு 'விட்டுவிடுதல்' என்பது பொருள். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோதும், பத்தாயிரம் தாலந்து கடன் நீங்கப்பெற்றவன் நூறு தெனாரியத்துக்காகச் சக ஊழியனின் கழுத்தை நெரித்த கதையே விடையாக வருகிறது. விட்டுவிடுபவரும் முன்பு விடுவிக்கப்பட்டவரே என்பது அதன் அடிப்படை. கடன் இல்லவே இல்லை என்று சொல்வது மன்னிப்பாகாது. கணக்கைக் கண்ணாரக் கண்டபின் வசூலிக்க மறுப்பதே மன்னிப்பு. அதே அதிகாரம், தவறிழைத்தவனிடம் சென்று அவன் குற்றத்தை எடுத்துரைக்கவும் கற்பிக்கிறது.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. இறந்தவர் சார்பில் மன்னிக்க யாருக்கு உரிமை உண்டு? ராணி மரியாவின் உயிருக்கு நேர்ந்ததை அவரன்றி எவரும் மன்னிக்க இயலாது. செல்மியால் விடமுடிந்தது தன் பங்கை மட்டுமே. அக்காவை இழந்த தங்கையின் பங்கை. எனினும் அந்தச் சிறிய பங்கு வீண்போகவில்லை. தம்மைத் தூண்டியவர்களைப் பழிதீர்க்கும் வெறியுடன் சிறையில் இருந்த சமந்தர் சிங், அந்த எண்ணத்தைக் கைவிட்டார். பழியின் கணக்கு அடுத்தவருக்கு மாறாமல் அவரிடமே நின்றது.

2006இல் அவர் விடுதலையானார். பின்னர் புல்லுவழிக்கே சென்று அக்குடும்பத்தின் முன் நின்றார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட விழாவிலும் இருந்தார்.

தமிழில் மன்னித்தலுக்குப் 'பொறுத்தல்' என்றொரு சொல் உண்டு. சுமத்தலுக்கும் அதுவே சொல். விடப்பட்ட கடன் மறைந்துவிடுவதில்லை. விட்டவர் அதன் பாரத்தைச் சுமக்கிறார்.