நிழலில் ஒரு செடி

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறம் ஒரு துண்டு நிலம் உண்டு. ஒருபுறம் உயர்ந்த மதில். மறுபுறம் அயல்வீட்டுப் பலாமரம். வெயில் விழாத அந்த இடத்திற் கத்தரி வைத்தேன், வெண்டி வைத்தேன். இரண்டும் வெளிறி மடிந்தன. பின்னரே மாத்தளையிலிருந்து வந்த ஏலக் கிழங்கொன்றை ஊன்றினேன்.

ஏலம் மலைக்காட்டுப் பெருமரங்களின் கீழ், ஈரம் வற்றாத மண்ணில் வளர்வது. ஆண்டு முழுவதும் பசுமை மாறாது. ஒரு தண்டு முதிர்ந்து சாய்ந்தால் கிழங்கிலிருந்து இன்னொன்று எழும். நேர்வெயில் பட்டால் இலை கருகும். பலாச் சருகைக் கூட்டி எரிக்காமல் அதன் அடியிற் பரப்பினேன். மண் காயாமல் நீர் வார்த்தேன். ஆளுயரம் வளர்ந்தது. மூன்றாண்டு கடந்தும் காய்க்கவில்லை. கொழும்பின் புழுக்கத்தில் இலை விடும். காய்ப்பதற்கு மலையின் குளிர் வேண்டும்.

ஆயினும் எனக்குப் பெருமிதம். 'நிழலிலும் நிறைவு காண்போம்' என்று வகுப்பிற் கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டிலிருந்து படிக்கும் ஒரு மாணவி மட்டும் எழுதவில்லை. காரணம் கேட்டேன். அவளுடைய தாய் ஏலம் பறிப்பவர்.

ஏலக்காய் எல்லாம் ஒருமிக்க முற்றுவதில்லை. பூங்கொத்துகள் செடியின் அடியில், மண்ணோடு மண்ணாகப் படர்பவை. முற்றியதை மாத்திரம் தேர்ந்து பறிக்க, திரும்பத் திரும்ப அதே செடியிடம் வந்து குனிய வேண்டும். ஈரக் காட்டில் அட்டை வேறு.

"செடிக்கு நிழல் பிடிக்கும், சேர். அம்மாவுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை" என்றாள்.

நான் வாயடைத்து நின்றேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சி நின்றோருக்கு அவ்வுரிமை மீள 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இதை நான் வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கிறேன். 'அவர்கள் இந்த வாழ்வுக்குப் பழகிவிட்டார்கள்' என்று லயன் அறைகளைக் காட்டிச் சொல்வோரைக் கண்டித்தும் இருக்கிறேன். அன்று என் தலைப்பும் அதையே சொல்லிற்று.

அடுத்த சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போனேன். நாலாம் குறுக்குத் தெருக் கடையொன்றில் ஐம்பது கிராம் ஏலக்காய் வாங்கினேன். முன்பெல்லாம் விலையைக் கேட்டு முகஞ்சுளித்து வந்தவன், அன்று அந்த விலையில் எவ்வளவு பறித்த கைக்குப் போய்ச் சேரும் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

திங்கட்கிழமை பழைய தலைப்பை அழித்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். அவள்தான் முதலில் எழுதத் தொடங்கினாள்.