ஊவா மலைவீதியில் ஒரு பகல்

பதுளைக்கு வரும் பிரயாணிகளுட் பெரும்பாலோர் புகையிரதத்தையே நாடுகின்றனர். 1924 ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்த அந்த இருப்புப்பாதையின் பெருமை உலகறிந்தது. ஆயினும், ஊவாவின் உண்மை உருவைக் காண விரும்புவோர் ஒரு பகற்பொழுதேனும் அதன் வீதிகளிலே சுற்றிவர வேண்டுமென்பது எமது எண்ணம். ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமையொன்றில் நாமும் நண்பர் ஒருவரும் அவ்வாறு புறப்பட்டோம். பதுளையிலிருந்து எல்ல, வெல்லவாய, கொஸ்லந்தை, ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக மீண்டும் பதுளை. எல்லாமாக ஏறத்தாழ 150 கிலோமீற்றர்.

நண்பர் எமது கல்லூரியிலே கணிதம் கற்பிப்பவர். அவருடைய பெரியப்பா பல்லாண்டுகளுக்கு முன்னர் தோட்டத்துரை ஒருவரிடம் வாங்கிய எம்.ஜி. மிட்ஜெட் என்னும் சிறு மோட்டார் வண்டியை அவர் பெற்ற பிள்ளையைப் போலப் பேணி வருகிறார். 1960களிலும் 70களிலும் இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே செய்யப்பட்ட இவ்வகை வண்டியின் நிறை சுமார் 700 கிலோகிராம் மாத்திரமே. இருவர் அமரலாம், பின்னாலுள்ள சிறு இடத்தில் எமது சாப்பாட்டுப் பொதி அமர்ந்தது. கூரையென்று சொல்வதற்கு ஒரு மடிப்புத் துணி உண்டு. அதனை அவிழ்த்துவிட்டால் வானமே கூரை. இத்தகைய வண்டிகளுக்கும் தேயிலை மலைகளுக்கும் உள்ள உறவு பழையது. நுவரெலியாவிலே 1934 இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும் தேயிலைத் தோட்டப் பாதையொன்றிலேயே நடந்து வந்தது.

வண்டியின் ஆசனம் நிலத்தோடு நிலமாகத் தாழ்ந்தது. உயர்ந்த ஜீப் வண்டியில் செல்பவர் பள்ளத்தாக்கைக் கண்டு மகிழலாம். நாமோ வீதியோரம் நடந்து செல்வோரின் முகங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சென்றோம்.

ஹாலி எலயைக் கடந்து தெமோதரையை அடைந்தோம். இங்கே இருப்புப்பாதை ஒரு குன்றை முழு வட்டமாகச் சுற்றி இறங்கி, தான் விட்டுவந்த புகையிரத நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினுட் புகுந்து செல்கிறது. செங்குத்தான இம்மலையிற் பாதையை எவ்வாறு இறக்குவதென அறியாது திகைத்த பொறியியலாளர், தோட்டக் கங்காணியொருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு வழி கண்டுகொண்டார் என்றொரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, மலையகத் தமிழனின் தலைப்பாகைக்கு இந்நாட்டுப் பொறியியலில் ஓர் இடம் கிடைத்ததே என்று நண்பர் நகைத்தார். 1921 இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலம் இதற்கு அப்பால் உள்ளது. உருக்குச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டியது. நூறாண்டு தாண்டியும் புகையிரதத்தைத் தாங்கி நிற்கிறது.

எல்ல இப்பொழுது பெரும்பாலும் கடைத்தெருவாகிவிட்டது. அங்கு நாம் தாமதிக்கவில்லை.

எல்லயிலிருந்து வெல்லவாய வரையும் ஏறத்தாழ 800 மீற்றர் இறக்கம். வழியில் இராவணன் நீர்வீழ்ச்சி வீதியோரமாகவே விழுகிறது. இறக்கத்தில் நண்பர் தடுப்பை அதிகம் மிதிக்கவில்லை. தாழ்ந்த கியரிலேயே வண்டியை அடக்கி இறக்கினார். ஓயாது மிதித்தால் தடுப்புகள் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். 2025 செப்டெம்பரில் சுற்றுலா சென்ற பஸ் ஒன்று இவ்வீதியிலே பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்ததை வாசகர் அறிவர். அவ்விடத்தில் நாம் இருவரும் பேசவில்லை.

வெல்லவாயவில் வெயில் கொளுத்தியது. எருமைத் தயிரும் கருப்பட்டிப் பாணியும் உண்டு இளைப்பாறிய பின், மேற்கே திரும்பி மீண்டும் மலையேறினோம். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி, வறண்ட காலமாகையால், பாறையிலே தொங்கவிட்ட வெண்ணூல் போல மெலிந்து காணப்பட்டது.

கொஸ்லந்தையை அடைந்ததும் வண்டியை நிறுத்தும்படி நாம் கேட்டோம். மேலே பசுமை போர்த்துக் கிடக்கும் சரிவிலேதான் மீரியபெத்தை இருந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை அச்சரிவு பெயர்ந்து லயன்களை மூடிற்று. செங்குத்தான சரிவில் வடிகால்கள் தூர்ந்துவிட்டால் மழைநீர் வழிந்தோடாது மண்ணுள் இறங்கும். மண் கனத்துப் பாறையை விட்டு வழுகும். எதிர்பாராத விபத்தென்று இதனைச் சொல்ல இயலாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் அவ்விடம் குடியிருப்புக்கு ஆகாதென எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். போவதற்கு வேறு நிலம் அவர்களிடம் இல்லை. தப்பியவர்கள் ஈராண்டுகள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே தங்கியிருந்து, 2016 இலேதான் பூனாகலைப் பகுதியிற் புதிய வீடுகளைப் பெற்றனர்.

அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்தமையாற் பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. சிலருக்குத் தாய் தந்தையரும் இல்லை. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இது எளிதில் மறக்கக்கூடியதன்று. பாடசாலைக்கு வராத பிள்ளையை ஏனென்று கேட்பது எமது வழக்கம். வந்த பிள்ளையின் வீடு இருக்கிறதா என்று கேட்கவேண்டிய நாளும் ஒன்று வந்ததே என எண்ணினோம். இன்று அங்கே புல்லும் காட்டுச்செடியும் மண்டிக் கிடக்கின்றன. எதிரே தெற்குச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் நீலமாக விரிகிறது. இவ்வழியே செல்லும் வண்டிகள் அக்காட்சிக்காகவே நிற்கின்றன.

பெரகலச் சந்தியைத் தாண்டி ஹப்புத்தளைக்கு ஏறும்போது காற்று மாறியது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைச் சொரிந்துவிட்டு, ஈரம் உலர்ந்து இப்பக்கம் வீசும் காலம் இது. யூலை முதல் செப்டெம்பர் வரை அக்காற்றில் வாடும் செடி, குளிர்ச்சியான ஒரு தனி மணத்தைக் கொழுந்தில் ஏற்றுகிறது. ஊவாத் தேயிலையை உலகம் தேடி வாங்குவது அம்மணத்துக்காகவே. ஆயின் வாடிய செடியிற் கொழுந்து குறையும். நாளுக்கு விதித்த கிலோக் கணக்கை நிறைப்பது பறிப்பவருக்குப் பெரும்பாடு. கோப்பையில் மணம் ஏறும் மாதங்களே கூடையில் நிறை குறையும் மாதங்கள்.

தோமஸ் லிப்டன் 1890 இல் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டத்துக்குச் செல்லும் ஒடுங்கிய வழியில் வண்டி மெல்ல ஊர்ந்தது. கொழுந்து மடுவத்தருகே நிறை பார்ப்பதற்காகப் பெண்கள் வரிசையாக நின்றனர். எமது வண்டியைக் கண்டதும் சிரிப்பலை எழுந்தது. முதிய அம்மா ஒருவர் அருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏங்கையா, இதுக்குக் கூரையே இல்லியா? எங்க லயத்துக்குத்தான் கூரை இல்லேன்னு நெனச்சேன்!”

நண்பர் இறங்கி, மடித்து வைத்த துணியை எடுத்துக் காட்டினார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, “இது தகரத்தை விடத் தேவலை” என்றார். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று நாம் வினவினோம். பேத்தி பண்டாரவளையில் உயர்தரம் படிப்பதாகவும், காலை ஐந்தரை மணிக்கே பஸ்ஸுக்கு நடப்பதாகவும் சொன்னார். “என்ன பாடம் அம்மா?” என்றதற்கு, “அது என்னமோ கணக்குப் பாடமாம்” என்றார். கணித ஆசிரியரின் முகம் மலர்ந்தது. தம் பெயரையும் கல்லூரியின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, பேத்தியிடம் கொடுக்கும்படி சொன்னார். அம்மா அத்தாளை மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினார்.

ஒளி மங்குமுன் லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்த உச்சிக்குச் செல்வதென்பது எமது திட்டம். மேலே மேகம் இறங்கிவிட்டமையால் அதனைக் கைவிட்டோம். பண்டாரவளையிற் சுடச்சுடத் தேநீர் அருந்தி ஹாலி எலயை அணுகும்போது மழை பிடித்துக்கொண்டது. நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்தித் துணியை விரித்துக் கட்டத் தொடங்கினார். கட்டி முடிப்பதற்குள் இருவரும் முற்றாக நனைந்துவிட்டோம்.