இருபத்து நான்கு மணித்தியாலப் பூட்டு



2022 ஜூலை. பெற்றோல் இல்லாமல் பாடசாலைகள் மூடிக் கிடந்த நாட்கள். சாதாரண தரப் பிள்ளைகளுக்காக நாங்கள் சில ஆசிரியைகள் சேர்ந்து பாடங்களைப் போனில் பதிவு செய்து, கூகுள் ட்ரைவில் ஏற்றி, லிங்க்கை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டோம். மறுநாள் அதே நேரத்துக்கு மூடிவிடுவோம். டவுன்லோட் பண்ணவும் விடவில்லை.

காரணம் இருந்தது. "பிறகு பார்க்கலாம்" என்று பிள்ளைகள் பாடங்களைக் குவித்து வைக்கக் கூடாது. அதைவிட, எங்கள் முகத்தையும் குரலையும் யாராவது வெட்டி எங்காவது போட்டுவிடுவார்களோ என்ற பயம். பெண் ஆசிரியைகளுக்கு அது விளங்கும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி மூன்று பாடங்களுக்குப் பயிற்சி அனுப்பவில்லை. குழுவில் எல்லோருக்கும் முன்னால் "படிப்பில் அக்கறை இல்லையா?" என்று கேட்டுவிட்டோம். பதில் இல்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைத்தாள்.

"வாப்பா ஓட்டோவோட பெற்றோல் கியூவில டீச்சர். போன் அவருகிட்ட. அவர் வீட்ட வரக்குள்ள லிங்க் வேலை செய்யுதில்ல."

வெட்கமாகப் போய்விட்டது. நாங்கள் லிங்க்கைப் போட்ட நிமிடத்திலிருந்து நேரத்தை எண்ணினோம். பிள்ளையின் கைக்குப் போன் எப்போது வரும் என்று யோசிக்கவே இல்லை. யூடியூபில் படம் வாடகைக்கு எடுத்தால்கூட, பார்க்கத் தொடங்கப் பொதுவாக 30 நாட்கள் தருகிறார்கள். தொடங்கிய பிறகுதான் 48 மணித்தியாலக் கணக்கு. படம் பார்க்கிறவருக்கு உள்ள அவகாசத்தைப் பாடம் படிக்கிறவளுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

கெட்ட எண்ணம் உள்ளவனை அந்தப் பூட்டு தடுக்கவும் மாட்டாது. இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்தால் முடிந்தது.

குழுவில் எல்லோருக்கும் முன்னால் கேட்டதால், அதே இடத்தில் மன்னிப்பும் கேட்டோம். அதன் பிறகு கொப்பியில் எழுதும் கையை மட்டும் படம் பிடித்தோம். லிங்க்கைத் தவணை முடியும்வரை திறந்து வைத்தோம்.

இப்போது தனியார் வகுப்புகளிலும் ரெக்கோடிங் ஏழு நாளில், மாத முடிவில் என்று மூடப்படுகிறது. உழைப்புக்குக் கூலி வேண்டும், பூட்டுங்கள். ஆனால் பிள்ளை முதல் தடவை திறந்ததிலிருந்து நாளை எண்ணுங்கள். திறக்காத பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.

வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால், பக்கத்துப் பாடசாலையில் கொடுங்கள். ஒரே போனை வைத்து மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடுகள் நமது ஊரில் இன்னும் இருக்கின்றன.