விடுவதற்கும் ஒன்று வேண்டும்

சென்ற வருடத் தை மாதத்தில் ஒரு காலை, கிளிநொச்சிப் பகுதி வைத்தியசாலை ஒன்றின் நீரிழிவுக் கிளினிக்கில் நிறை பார்க்கும் தராசின் மேல் ஏறி நின்றேன். முள் 82 கிலோவில் நின்றது. இடுப்பின் சுற்றளவு 101 சென்ரிமீற்றர். ஆசிய நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எல்லை என்று விளக்கிய இளம் வைத்தியர், நான் விட வேண்டியவற்றை ஒரு சிறு துண்டில் எழுதித் தந்தார்: சீனி, கோதுமை மா, இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் சோறு. முப்பது வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிப் பழகிய எனக்கு, மகன் வயதுடைய ஒருவரிடம் புத்தி கேட்பது புதிய அனுபவம். "மூன்றே மூன்று பொருள்கள், மனவுறுதி இருந்தால் போதும்" என்று எண்ணியபடி வீடு திரும்பினேன். அவ்வெண்ணம் எவ்வளவு அரைகுறையானது என்பதை அறிந்துகொள்ளப் பத்து மாதங்கள் சென்றன.

முதலில் சீனியை எடுத்துக்கொண்டேன். நாளொன்றுக்கு ஆறு கோப்பைத் தேநீர். கோப்பைக்கு இரண்டு கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 48 கிராம். உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் பத்திலொரு பங்குக்கு மேல் சீனியிலிருந்து வரலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. அது ஏறக்குறைய 50 கிராம். அதிலும் பாதியே நல்லது என்பது அதன் கருத்து. என் தேநீர் மாத்திரமே எல்லைவரை வந்துவிட்டது. ஆனால் எனக்கு ஒரு பழைய பயிற்சி இருந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் வருடங்களில், வன்னியில் சீனி எட்டாப் பொருளாக இருந்த காலத்தில், ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தவர்கள் நாங்கள். 2002இல் பாதை திறந்தபோது, இழந்த சீனியையெல்லாம் வட்டியோடு குடித்துத் தீர்த்தோம் போலும்! இரண்டு வாரங்களில் நாக்கு பழைய பாடத்தை நினைவுகூர்ந்தது.

சோறுதான் என்னைத் தோற்கடித்தது. சோறு என்று சொல்வதைவிட, சோற்றை இடும் கை என்று சொல்வதே பொருந்தும். அம்மாவுக்கு இப்போது வயது எண்பத்தாறு. மதியம் நான் உண்ணும்போது பக்கத்தில் வந்து அமர்வார். இரண்டாம் அகப்பையை நான் மறுத்த முதல் நாள், "ஏன் மோனை, கறி சரியில்லையோ?" என்று கேட்டார். வைத்தியர் சொன்னதை எடுத்துக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "சோறு கண்ட இடத்தில சாப்பிட்டிட வேணும். நாளைக்கு என்னெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தச் சொல்லுக்கு நான் என்ன மறுமொழி கூறுவேன்? 2009ஆம் ஆண்டு மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிக்குள் இருந்தபோது, அரிசியும் உப்பும் தண்ணீரும் மாத்திரம் சேர்ந்த கஞ்சியின் அடியில் கிடந்த பருக்கைகளை எங்கள் கோப்பைகளில் வழித்துவிட்டு, மேலே நின்ற தண்ணீரைத் தான் குடித்தவர் அவர். அந்தக் கை இன்று ஓர் அகப்பை சோற்றை நீட்டும்போது, அது உணவு மாத்திரமன்று. அதை மறுப்பவனுக்கு மனவுறுதி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியும் அங்கே பொருளற்றுப் போகிறது. நான் மெலியத் தொடங்கியதும் ஊராரும் அம்மாவின் பக்கமே நின்றனர். "என்ன மாஸ்ரர், நல்லா வாடிப்போனியள்? ஏதும் வருத்தமோ?" என்று சந்தியில் மறித்துக் கேட்டார்கள். செட்டிகுளத்து முகாம்களிலிருந்து வெளிவந்த எலும்புருவங்களைக் கண்ட கண்கள் அவை. மெலிவை ஆரோக்கியம் என்று அந்தக் கண்கள் இலகுவில் ஏற்றுக்கொள்ளுமா?

மூன்றாவது பொருளாகிய கோதுமை மாவைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவர், கிளினிக் வாங்கில் என் அருகே அமர்ந்திருந்த ஒரு பெண். வயது ஐம்பதைச் சற்றே கடந்தவர். கையும் காலும் மெலிந்திருக்க, வயிறு மாத்திரம் பெருத்திருந்தது. பிறர் வயலிலும் தோட்டத்திலும் நாட்கூலிக்குப் போகிறவர். அவருடைய கையிலும் என்னுடையதைப் போன்ற துண்டு ஒன்று இருந்தது.

"மா ரொட்டிய விடச் சொல்றாங்க சார். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு வேற என்னத்த செய்யிறது? ரெண்டு ரொட்டியும் சம்பலும்னா மத்தியானம் வரைக்கும் தாங்கும். நடக்கவும் சொல்றாங்க. வேலைக்குப் போய்வர நாலு கட்டை நடக்கத்தானே செய்யிறேன்?"

சீனியைப் பற்றிக் கேட்டேன். "அது 2022லேயே பாதி போயிருச்சு சார். நாங்க விடல, அதுதான் எங்கள விட்டுச்சு" என்றார். அந்த வருடம் செப்தெம்பரில், உணவுப் பொருள்களின் விலை ஒரே ஆண்டில் 94.9 சதவீதம் ஏறியிருந்ததாகக் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி கூறிற்று. அந்த எண்ணின் பொருள் அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டமொன்றிலிருந்து 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். தோட்டங்களில் பங்கீட்டரிசியும் மாவும் சுருங்கி, பட்டினியால் உயிர்கள் போன 1974ஆம் ஆண்டில், இவர் தாயின் வயிற்றில் இருந்திருக்கிறார். மரவள்ளிக்கிழங்கும் இலைகளுமே அன்று தாய்க்குக் கிடைத்த உணவாம். 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மானியரின் முற்றுகையால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது கருவிலிருந்த குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது வயதளவில் அவர்களுடைய உடல் சீனியைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குன்றியிருந்தது. இந்தப் பெண்ணின் நோய்க்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தனியொருவர் விடயத்தில் அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் அவருடைய கிளினிக் அட்டையில் நிறைக்கு இடமிருக்கிறது, இரத்தச் சீனிக்கு இடமிருக்கிறது. 1974ஐ எழுத மாத்திரம் இடமில்லை.

கோதுமை இந்த மண்ணில் விளைவதன்று. எங்கள் வீடுகளில் அதற்கு 'அமெரிக்கன் மா' என்ற பெயர் வழங்கியதே அதன் வரலாற்றைச் சொல்லும். கப்பலில் வந்த மா பங்கீட்டுக் கடைக்கும் தோட்டத்துக்கும் வந்தது; போருக்குப் பின் நிவாரணப் பொதியிலும் வந்தது. வன்னியின் சேனைகளில் விளைந்த குரக்கனும் சாமையும் பயறும் மெல்ல மெல்லத் தட்டிலிருந்து அகன்றன. இன்று எங்கள் சந்திக் கடையில் குரக்கன் மா அழகிய பொதிக்குள் அமர்ந்திருக்கிறது, கோதுமை மாவைவிட உயர்ந்த விலையில். ஏழையின் உணவாக இருந்தது நோயாளியின் உணவாகி, அதிலும் வசதியுள்ள நோயாளியின் உணவாகிவிட்டது.

பத்து மாதங்களில் நான் 8 கிலோ குறைந்தேன். வைத்தியர் பாராட்டினார். ஆனால் அந்த 8 கிலோவின் கணக்கை நேர்மையாக எழுதினால், என் மனவுறுதிக்கு அதிற் சிறு பங்கே உண்டு. மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. ஆகவே குரக்கன் வாங்க முடிந்தது. வேலைக்கு ஓட வேண்டியதில்லை. ஆகவே மாலையில் குளக்கட்டில் நடக்க முடிந்தது. முருங்கையிலையும் முசுட்டையும் ஆய்ந்து, எனக்கென்று வேறோர் உலை வைத்தவர் என் மனைவி. அவருடைய உழைப்பை எந்தத் தராசும் காட்டவில்லை. வாங்கில் இருந்த பெண்ணுக்கோ, கிளினிக்குக்கு வரும் நாளே கூலி இல்லாத நாள். என்னிடம் விடுவதற்குப் பல இருந்தன, விட்ட இடத்தில் வைப்பதற்கும் வேறு இருந்தன. அவரிடம் ரொட்டியை விட்டால், அந்த இடத்தில் வெறுமைதான் மிஞ்சும்.

இதனால் வைத்தியரின் துண்டு பிழையென்று ஆகாது. சீனி எல்லோருக்கும் ஒரே தீங்கையே செய்கிறது. அந்தப் பெண்ணின் கால் புண்ணாகுமானால், அதற்கு வரலாறு மருந்தாகாது. ஆகவே "உன் வாயைக் கட்டு" என்று சொல்லும் நாம், குரக்கனுக்கும் பயறுக்கும் விளைவிப்பவருக்குக் கட்டுப்படியான விலையும், உண்பவருக்கு எட்டும் விலையும் வேண்டுமென்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். கூலி இழக்காமல் வரக்கூடிய மாலைக் கிளினிக் வேண்டுமென்று கேட்கவேண்டும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்கு விற்கப்படுவது என்னவென்று பார்க்கவேண்டும். இவற்றைக் கேளாமல் மனவுறுதியை மட்டும் போதிப்பது, இல்லாதவனைப் பார்த்துச் சிக்கனம் போதிப்பதற்கு ஒப்பாகும்.

கடந்த மாரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் மாணவர்களுமாகச் சேர்ந்து கால் ஏக்கரில் குரக்கன் விதைத்தோம். களை பிடுங்க வந்தவர்களுள் அந்தப் பெண்ணும் ஒருவர். கூலியோடு இரண்டு கொத்துக் குரக்கனும் கொடுத்தோம். கால் ஏக்கர் ஒரு கிராமத்துக்குப் போதாதென்பதை நாங்கள் அறிவோம். "இது முடிஞ்சா என்ன சார் செய்யிறது?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களில் எவரிடமும் விடை இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் முதலில் பேசவேண்டியது அதுதான் என்று மாணவனொருவன் எழுதிக்கொண்டான்.