எஃகு வண்டியும் ஐந்து ஆறுகளும்

தஞ்சாவூர்ச் சீமையில் மலை கிடையாது. வல்லத்து மேட்டைத் தவிர்த்தால், சொல்லிக்கொள்ளும்படியான ஏற்றம் ஆற்றுப் பாலங்களின் இரு முனைகளிலுந்தான் இருக்கிறது. இதை ஒரு குறையாகச் சொல்லும் கனவான்கள் கோடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போய்விடுகிறார்கள். சைக்கிள் விடுகிறவர்களோ இதைப் பெரும் பாக்கியம் என்றே கருதுவார்கள். கல்லணையில் பிரியும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத சரிவில் மெல்ல இறங்கிக் கடலுக்குப் போகிறது. தண்ணீருக்கு எது வழியோ, இந்த நாட்டில் சைக்கிளுக்கும் அதுவே வழி. ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, மதகடி, களத்துமேடு என்று கார் நுழைய முடியாத இடங்களிலெல்லாம் இரண்டு சக்கரம் தாராளமாக நுழையும்.

நமக்கு வீடு தஞ்சையில். உபாத்தியாயர் உத்தியோகம் திருவையாற்றுக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில். தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் இடையே சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறுகளைக் கடந்தாக வேண்டும். பஸ்ஸில் போனால் ஐந்து பாலங்கள் தெரியும். சைக்கிளில் போனால் ஐந்து ஆறுகள் தெரியும். எந்த ஆற்றில் தண்ணீர் வந்தது, எதில் மணல் தெரிகிறது, எந்த வயலில் நாற்று விட்டிருக்கிறார்கள், எந்த மடை அடைபட்டிருக்கிறது என்பதெல்லாம் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டு வரவுசெலவு அந்தத் தண்ணீரை நம்பியே இருக்கிறது. ஆகையால் இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது.

நம்முடைய வண்டி எது என்று நேயர்கள் கேட்கலாம். விசேஷம் ஒன்றுமில்லை. தபால்காரரும் பால்காரரும் காலங்காலமாக ஓட்டிய அதே கறுப்பு எஃகு சைக்கிள்தான். 28 அங்குலச் சக்கரம், சுமார் 20 கிலோ எடை. ஒரு காலத்தில் இவை பர்மிங்ஹாமிலிருந்தும் நாட்டிங்ஹாமிலிருந்தும் கப்பலேறி வந்தன. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஏற்பட்ட பிறகு, ஹெர்குலிஸ் என்ற சீமைப் பெயரைத் தாங்கிய வண்டி நம் ஊர்ச் சரக்காகவே வீதிக்கு வந்தது. அவற்றுள் பல இன்னும் நம் வீட்டுக் கொல்லைகளில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றைப் பற்றியே இந்தக் கட்டுரை.

எஃகுக்கு ஒரு நற்குணம் உண்டு. அது வளைந்தால் நிமிர்த்தலாம், விட்டுப்போனால் ஒட்டலாம். திருக்காட்டுப்பள்ளியானாலும் பாபநாசமானாலும் கடைவீதியில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும். எஃகு சைக்கிளின் எந்த உறுப்பையும் அங்கே கால் மணியில் பற்றவைத்துக் கொடுப்பார்கள். அலுமினிய வண்டியும் கார்பன் வண்டியும் இலேசானவை, அழகானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அவை உடைந்தால் கிராமத்துப் பட்டறைக்காரர் கையை விரித்துவிடுவார். நெடும்பிரயாணத்துக்கு வண்டி இலேசாக இருப்பதைவிட, வழியில் செப்பனிடக்கூடியதாக இருப்பதே சிலாக்கியம்.

ஆயினும் கடையில் வாங்கியபடியே வைத்துக்கொண்டால் இந்த வண்டி நம் நாட்டுக்கு முற்றும் பொருந்தாது. சில திருத்தங்கள் செய்யவேண்டும். முதல் திருத்தம் பல்சக்கரம். நம் வண்டியில் முன்னே 44 பல், பின்னே 18 பல் இருந்தன. ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5½ மீட்டர் போகும். காற்றில்லாத மார்கழிக் காலையில் இது சுகந்தான். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று இருக்கிறதே, அது நம் சீமைக்கு மலையில்லாத குறையைத் தீர்த்துவிடுகிறது. பின்பக்கம் 22 பல் வேண்டும் என்று கரந்தையிலுள்ள சைக்கிள் கடையில் கேட்டபோது, கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், மலை ஏறப் போறீங்களா?"

"மலை இல்லை பாய், ஆடிக் காற்று."

"அது மலையைவிடப் பொல்லாதது சார். மலைன்னா ஒரு இடத்துல முடிஞ்சுடும்" என்று சொல்லிக்கொண்டே பிரீவீலைக் கழற்றி, சங்கிலியில் கூடுதல் கண்ணி சேர்த்துக் கொடுத்தார். இப்போது ஒரு சுற்றுக்குச் சுமார் 4½ மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 16 கிலோமீட்டர் போகலாம். பள்ளி உபாத்தியாயருக்கு இதைவிட வேகம் எதற்கு?

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் துணையிருக்கிறார். ஸேந்த் எத்தியென் நகரத்துப் பால் தெ விவி என்பவர், 'வெலோஸியோ' என்ற புனைபெயரில் எழுதியவர், சைக்கிள் பிரயாணிக்கு ஒரே பல்சக்கரம் போதாது, நிலத்துக்கும் காற்றுக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆயுள் முழுவதும் வாதாடினார். அவர் 1930-இல் காலமானார். பிரான்ஸ் தேசத்துப் பெரிய பந்தயத்திலோ 1937-ஆம் வருஷம் வரையில் பல்சக்கரம் மாற்றும் கருவிக்குத் தடையிருந்தது. அது பலவீனர்களுக்கான சாதனம் என்று பந்தயத்தை நடத்தியவர் நினைத்தாராம்! மேல்காற்றில் விடைத்தாள் கட்டோடு பூதலூர் வரை மிதித்துப் பார்த்திருந்தால் அவர் அபிப்பிராயம் மாறியிருக்கும்.

இரண்டாவது, சேறும் முள்ளும். மழை பெய்த கரையில் களிமண் சக்கரத்தோடு ஏறி, மட்கார்டுக்குள் அடைந்து, வண்டியை நிறுத்தியே விடும். ஆகையால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அப்படியிருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் கரையை விட்டுத் தார்ச்சாலையில் போவதே விவேகம். வேலிக்கருவை முள்ளுக்குக் கனமான டயர்தான் மருந்து. பஞ்சர் ஒட்டினால், டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுத்த பிறகே டியூபை உள்ளே வைக்க வேண்டும். இல்லையேல் அதே முள் அதே இடத்தில் மறுபடியும் குத்தும். அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பியிருக்கும் வைக்கோல் சங்கிலியில் சுற்றிக்கொண்டு படாதபாடு படுத்தும். பழைய வண்டிகளில் சங்கிலி முழுவதையும் மூடியிருக்கும் தகர உறையைப் பழம்பாணி என்று பலர் கழற்றி எறிகிறார்கள். அது வேட்டிக்கு மட்டும் காப்பு அல்ல. வைக்கோலுக்கும் சேற்றுக்கும் அதுவே காப்பு.

மூன்றாவது, கேரியர். மெல்லிய கம்பிக் கேரியரை எடுத்துவிட்டு, பட்டறையில் கனமான கம்பியில் ஒன்று செய்து, இரு பக்கமும் பை மாட்டுவதற்கு வளையம் பற்றவைத்துக்கொண்டோம். திங்கள் முதல் வெள்ளி வரை அதில் விடைத்தாளும் காய்கறியும்; ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குப்பியும் புளியோதரைப் பொட்டலமும் மாற்றுத் துணியும். வாரநாளைக்கு ஒரு வண்டி, பிரயாணத்துக்கு ஒரு வண்டி என்று இரண்டு வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. விளக்கு விஷயத்தில் மட்டும் நாம் புதுமைக் கட்சி. டயரில் உராய்ந்து ஓடும் பழைய டைனமோ மழையில் வழுக்கும், மிதிப்பதற்கும் பாரமாயிருக்கும். அதற்குப் பதிலாக மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் சிறு விளக்குகளை முன்னும் பின்னும் மாட்டியிருக்கிறோம். பிரேக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: எஃகு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. மழையில் பாலத்தை விட்டு இறங்கும்போது முன்கூட்டியே பிரேக்கை மெல்ல அழுத்தி, ரிம்மிலுள்ள ஈரத்தை வழித்துவிட வேண்டும்.

இவ்வாறு திருத்திய வண்டிக்குத் தகுந்த பிரயாணம் எது என்றால், கல்லணைப் பிரயாணந்தான். மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால், அது கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். ஜூன் 12 வழக்கமான தேதி. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. கல்லணை திறந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன் தஞ்சையிலிருந்து கிளம்பிவிட வேண்டும். 1934-இல் மேட்டூர் அணையோடு ஒட்டி ஏற்பட்ட கல்லணைக் கால்வாய், ஜனங்கள் இன்றும் 'புது ஆறு' என்று சொல்லுவது, பெரிய கோயிலுக்கு அருகாமையிலேயே ஓடுகிறது. அதன் போக்கை எதிர்த்துப் பூதலூர் வழியாக மேற்கே போவது முறை. காலையில் காற்று முகத்தில் அடிக்கும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே அந்தக் கடனைத் தீர்த்துவிடலாம். திரும்பும்போது அதே காற்று நம்மைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும்.

வழியில் ஒரு மதகடியில் நிழலுக்கு நின்றபோது, மண்வெட்டியைத் தோளில் வைத்த ஒரு பெரியவர் கேட்டார்: "சார் மேற்கேயிருந்தா வர்றீங்க? தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"கிழக்கேயிருந்து வருகிறோம் ஐயா. கல்லணை திறந்ததைச் செல்போனில் காட்டினார்களே, பார்க்கவில்லையா?"

"பாத்தேன் சார். கல்லணைக்கு வந்ததைக் காட்டுறான். என் மடைக்கு எப்ப வரும்னு அதுல யாரும் காட்ட மாட்டேங்கிறானே!"

குறுவை நாற்றின் கவலை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. இன்னும் சில கிலோமீட்டர் மேற்கே, ஒரு கிளை வாய்க்காலில் நுரையும் சருகும் முன்னே வர, கலங்கிய தண்ணீர் ஆள் நடக்கும் வேகத்தில் வந்துகொண்டிருப்பதைக் கண்டோம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பெரியவரிடம் சேதி சொல்லிவிட்டு, மறுபடியும் காற்றை எதிர்த்து மிதித்தோம். காரில் வருகிறவர் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. கரையில் கார் போகாது என்பது ஒரு காரணம்; அவரைப் பார்த்து யாரும் இவ்விதம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது மற்றொரு காரணம்.

கல்லணையில் காவேரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நான்காகத் தண்ணீர் பிரியும் காட்சியை விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லுவோம். கரிகாலன் பெயரால் வழங்கும் இந்த அணையை ஒருவரும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. மணல் மேடிட்டுப் போன காலத்தில் ஆர்தர் காட்டன் என்ற என்ஜினீயர் வந்தார். அஸ்திவாரத்தைப் பார்த்து வியந்து, 1830-களில் மணல் போக்கிகளை அமைத்தார். பிறகு மதகுகள் வந்தன. புது ஆற்றுக்குத் தலைமதகு வந்தது. பழைய உடம்பு அப்படியே இருக்க, காலத்துக்கு வேண்டிய உறுப்பைச் சேர்த்துச் சேர்த்தே நம் சோற்றுக்கு வழி செய்திருக்கிறார்கள். கொல்லையில் கிடக்கும் சைக்கிளுக்கும் அதே நியாயந்தான்.

திரும்புவதற்குக் கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி, கண்டியூர் வழியாகக் காவேரியோடும் குடமுருட்டியோடும் கூட வரலாம். போக வர 90 கிலோமீட்டருக்குக் குறையாது. அப்பக்குடத்தான் சந்நிதியில் கொஞ்ச நேரம், படுகையில் வாழைத்தோப்பு நிழலில் கொஞ்ச நேரம் என்று உட்கார்ந்து வந்தால், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிடலாம்.

கடைசியாகப் பள்ளிக்கூடத்து விஷயம் ஒன்று. 1991, 92-இல் பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில், அறிவொளி இயக்கத்தின் போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பிறகு 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. நம் பள்ளி வாசலில் அந்த வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் ஒரு பஞ்சரால், அறுந்த சங்கிலியால், இரண்டு நாள் வகுப்புக்கு வராத பெண்ணையும் பார்க்கிறோம். ஒரு வருஷத்தில் துருப்பிடித்து, பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும் வண்டியையும் பார்க்கிறோம். வண்டியைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதைச் செப்பனிடும் வித்தையையும் கொடுக்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் வகுப்புப் பிள்ளைகள் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பஞ்சர் ஒட்டுகிறார்கள். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கிறார்கள். மாணவிகளே இதில் முந்திக்கொள்கிறார்கள். தன் வண்டியைத் தானே சரிசெய்யத் தெரிந்த பெண்ணுக்கு, ஆறு கிலோமீட்டர் அப்பால் இருக்கும் பள்ளிக்கூடம் தூரமாகத் தோன்றுவதில்லை.

எனவே குடும்பஸ்தர்களுக்கு நம் விண்ணப்பம் இதுதான். தாத்தா காலத்து சைக்கிள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, புது டயர் போட்டு, பின்னே 22 பல் மாட்டி, பள்ளிக்குப் போகும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ கொடுங்கள். 28 அங்குலச் சக்கரம் எட்டவில்லையென்றால் முதல் சில நாள் குரங்குப் பெடல் போடட்டும். நாமெல்லாரும் அப்படித்தானே பழகினோம்? மேட்டூர் திறக்கும் வேளையில் அவர்களை ஒரு தரம் வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போங்கள். தண்ணீர் வருவதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.